கருவின் மூளையை வளர்க்கும் புரதங்கள்

கருவின் மூளையில் ஒரு செல் மேலும் பிரிய வேண்டுமா, பிரிவதை நிறுத்தி நியூரானாக மாற வேண்டுமா என்பதை அதன் மரபணுக்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. அக்கம்பக்கத்துச் செல்கள் சுரக்கும் சில புரதங்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு. இவையே வளர்ச்சிக் காரணிகள்.

இவற்றில் முதலில் அறியப்பட்டது நரம்பு வளர்ச்சிக் காரணி. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய இத்தாலிய விஞ்ஞானி ரீட்டா லெவி-மொண்டால்சினி, எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் பொருத்தினார். கட்டியை நோக்கி நரம்பிழைகள் அடர்ந்து வளர்ந்தன. கட்டி சுரக்கும் ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணம் என்று அவர் கண்டார். ஸ்டான்லி கோஹென் அதைப் பிரித்தெடுத்தார். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூளையிலேயே சுரக்கும், நரம்பு வளர்ச்சிக் காரணியின் உறவுப் புரதமான பி.டி.என்.எஃப்பை 1982இல் பார்டே, தோனென் ஆகியோர் பன்றி மூளையிலிருந்து பிரித்தனர்.

செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளோடு காரணி இணைந்ததும், இரண்டு ஏற்பிகள் சோடி சேர்ந்து, செல்லின் உட்புறமுள்ள தம் வால்பகுதியில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அங்கிருந்து செய்தி பல வழிகளில் பரவுகிறது. ராஸ் வழி செல்பிரிதலைத் தூண்டும். எம்டார் வழி புரத உற்பத்தியைப் பெருக்கிச் செல்லை வளர்க்கும். எம்டார் வழியின் வேகத்தை அடக்குவது பிடென் என்னும் புரதம்.

மனித மூளைப் புறணியின் பெரும்பாலான நியூரான்கள் கருவின் ஆறாவது மாதத்துக்குள் உருவாகிவிடுகின்றன. அவற்றில் பலவற்றைப் பிறப்பிப்பவை வெளிப்புற ரேடியல் கிளியா என்னும் முன்னோடிச் செல்கள். எலியில் மிகச் சிலவாகவும் மனிதரில் ஏராளமாகவும் உள்ள இச்செல்களில் எம்டார் வழி முனைப்பாக இயங்குகிறது.

எனவே, இந்த வழியைத் தூண்டுவதற்கும் அடக்குவதற்கும் இடையிலான சமநிலை குலைந்தால் விளைவு கடுமையாகும். பிடென் மரபணு பழுதுபட்டால் தலை அளவுக்கு மீறிப் பெருக்கும். கரு வளரும்போது ஒரு செல்லில் மட்டும் எம்டார் வழி மரபணு மாறினாலும், அதன் வழித்தோன்றல்களால் மூளையின் ஒரு பாதி மட்டும் பெருத்து, கடும் வலிப்பு ஏற்படலாம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் பரம்பரை நோயிலும் இதே வழி கட்டுப்பாடின்றி இயங்குகிறது.

பிறந்த பின்பும் இப்புரதங்களின் பணி தொடர்கிறது. பி.டி.என்.எஃப் நியூரான்களின் கிளைகளை விரிவாக்கி, நினைவுக்கும் கற்றலுக்கும் அடிப்படையான இணைப்புகளை வலுப்படுத்துகிறது.

இந்த அறிவு மருந்தாகவும் பயன் தருகிறது. எம்டாரை அடக்கும் எவரோலிமஸ், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸால் மூளையில் வரும் ஒருவகைக் கட்டியைச் சுருக்குகிறது. அந்நோயில் வரும் வலிப்பையும் குறைக்கிறது.