ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எப்போது? மரியாதைக்கு அல்ல, பெயருக்கு!

புதுடெல்லி: வேலைக்கான விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல், தேர்வு விடைத்தாள் என ஆங்கிலத்தில் எழுத நேரும் இடங்களில் எல்லாம் பலருக்கும் ஓர் ஐயம் எழுகிறது. எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில், அதாவது கேப்பிட்டல் எழுத்தில் தொடங்குவது என்பதே அது.

இந்த ஐயம் இயல்பானதே. தமிழ், இந்தி, தெலுங்கு, வங்காளம் உள்ளிட்ட நம் மொழிகளின் எழுத்துகளில் பெரியது, சிறியது என்ற பிரிவு இல்லை. இலத்தீன், கிரேக்கம், சிரிலிக் போன்ற சில எழுத்து முறைகளில் மட்டுமே அது உள்ளது. அச்சுக்கோப்பவர்கள் மேல் பெட்டியில் பெரிய எழுத்துகளையும் கீழ்ப் பெட்டியில் சிறிய எழுத்துகளையும் வைத்திருந்ததால், அவற்றுக்கு 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் ஏற்பட்டன.

இடத்தால் வரும் பெரிய எழுத்து

வாக்கியத்தின் முதல் சொல்லும், மேற்கோள் குறிக்குள் ஒருவரின் நேர்க்கூற்றாக வரும் முழு வாக்கியத்தின் முதல் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். 'நான்' என்று பொருள்படும் 'ஐ' என்ற ஒற்றை எழுத்துச் சொல், வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் பெரிய எழுத்தே. இவை மூன்றிலும் பெரும்பாலும் குழப்பம் இல்லை.

பெயரா, வகையா?

குழப்பம் வாக்கியத்தின் நடுவில்தான் தொடங்குகிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இச்சொல் குறிப்பிட்ட ஒன்றின் பெயரா, அல்லது ஒரு வகையைக் குறிக்கும் பொதுச்சொல்லா? 'ரிவர்' என்றால் ஏதோ ஒரு நதி, சிறிய எழுத்து. 'கோதாவரி ரிவர்' என்றால் அந்த நதியின் பெயர். இரு சொற்களுக்கும் பெரிய எழுத்து. ரயில் வடக்கு நோக்கிச் செல்கிறது என்று எழுதும்போது 'நார்த்' சிறிய எழுத்தில் வரும். 'நார்த் இந்தியா' என்று ஒரு பகுதியைக் குறிக்கும்போது பெரிய எழுத்தில் வரும்.

கிழமைகள், மாதங்கள், பண்டிகைகள் ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து உண்டு. 'சம்மர்', 'வின்டர்' போன்ற பருவங்களுக்கு இல்லை. மொழிகளின் பெயர்களான 'இங்கிலீஷ்', 'தமிழ்' எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்கும். 'பிசிக்ஸ்', 'ஹிஸ்டரி' போன்ற பாடங்கள் பொதுவாகச் சிறிய எழுத்தில் வரும்.

முதல் எழுத்து மாறினால் பொருளும் மாறிவிடும். போலந்து மொழியைக் குறிக்கும் 'போலிஷ்', மெருகைக் குறிக்கும் 'பாலிஷ்' ஆகிய இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. 'மார்ச்' பெரிய எழுத்தில் மாதம். சிறிய எழுத்தில் அணிவகுப்பு.

மரியாதைக்காக அல்ல

விண்ணப்பக் கடிதங்களில் அதிகம் காணப்படும் பிழை, முக்கியமானவை என்று தோன்றும் சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்து இடுவது. 'மேனேஜர்', 'கம்பெனி', 'எக்ஸ்பீரியன்ஸ்' போன்றவை வாக்கியத்தின் நடுவில் பொதுச்சொல்லாக வந்தால் சிறிய எழுத்தே முறை. பதவி, பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் பெரிய எழுத்து பெறும். குடியரசுத் தலைவர், பிரதமர் போன்ற பதவிகளைத் தனித்து வரும்போதும் பெரிய எழுத்தில் எழுதுவதைச் சில நாளிதழ்கள் மரபாகக் கொண்டுள்ளன. எதைப் பின்பற்றினாலும் கடிதம் முழுவதும் ஒரே முறையைக் கையாள வேண்டும்.

கடிதத்தின் தொடக்கத்தில் 'டியர் சர்' என்ற இரு சொற்களுக்கும் பெரிய எழுத்து. முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பதில் முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. நூல் தலைப்புகளில் முக்கியச் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். அப்துல் கலாமின் 'விங்ஸ் ஆஃப் ஃபயர்' நூலில் நடுவில் உள்ள 'ஆஃப்' சிறிய எழுத்தில் வருவது இதற்கு எடுத்துக்காட்டு.

சட்டத்தில் ஓர் எழுத்து

'ஸ்டேட்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நிலை என்றும் பொருள் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 12-வது பிரிவில் பெரிய எழுத்தில் வரும் 'ஸ்டேட்', மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சி அமைப்புகள் உள்ளிட்டவற்றைச் சேர்த்துக் குறிக்கிறது. அடிப்படை உரிமைகளை யாருக்கு எதிராகக் கோரலாம் என்பதற்கு இந்த வரையறை முக்கியமானது.

கடன், வாடகை ஒப்பந்தங்களிலும் இதே முறை உள்ளது. 'பாரோயர்', 'பிராப்பர்ட்டி' போன்ற சொற்கள் வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தில் வந்தால், அந்த ஆவணத்திலேயே அவற்றுக்குத் தனி வரையறை தரப்பட்டிருக்கக்கூடும். கையெழுத்திடும் முன் அந்த வரையறையைத் தேடிப் படிப்பது நல்லது.

மாறிவரும் மரபு

இந்த மரபுகள் நிலையானவை அல்ல. 'இன்டர்நெட்' என்ற சொல்லை நீண்ட காலம் பெரிய எழுத்தில் எழுதி வந்த அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், 2016 ஜூன் முதல் சிறிய எழுத்துக்கு மாறியது. அதுவரை பெயராக இருந்த சொல், மின்சாரம், தொலைபேசி போல அன்றாடப் பொதுச்சொல் ஆகிவிட்டது.

எதிர்த்திசையிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. அமெரிக்கக் கறுப்பின மக்களைக் குறிக்க அந்நாளில் வழங்கிய 'நீக்ரோ' என்ற சொல் சிறிய எழுத்தில் அச்சிடப்படுவதை, டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் எதிர்த்தனர். மற்ற இனங்களின் பெயர்களுக்குத் தரப்படும் பெரிய எழுத்து தங்களுக்கு மறுக்கப்படுவது அவமதிப்பு என்பது அவர்கள் வாதம். 1930 மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது. அச்சொல் பின்னர் வழக்கொழிந்தது. 2020 ஜூன் மாதம் அசோசியேட்டட் பிரஸ், மக்களைக் குறிக்கும் 'பிளாக்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுத முடிவு செய்தது. நிறத்தைக் குறிக்கும்போது அதே சொல் இன்றும் சிறிய எழுத்தில்தான் வருகிறது.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒருமுறை திரும்பப் படித்து, வாக்கியங்களின் நடுவில் உள்ள ஒவ்வொரு பெரிய எழுத்திலும் 'இது பெயரா?' என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லை என்று விடை வந்தால், பெரும்பாலும் அங்கே சிறிய எழுத்தே போதும்.