கே. வி. அய்யரும் கைத்தசையும்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ‘வியாயாமசாலா’ என்ற உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தியவர் கே. வி. அய்யர். சூரிய நமஸ்காரத்தையும் யோகாசனங்களையும் பளுப் பயிற்சியோடு சேர்த்துக் கற்பித்தார். தசை வளர்ப்பைப் பற்றி 1930-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அவர் வளர்க்கக் கற்பித்த தசை எப்படி வேலை செய்கிறது?

கையை மடக்கிப் பாருங்கள்

மேற்கையில் திரண்டு எழுவது இருதலைத் தசை. தசைநாண்கள் அதை எலும்போடு பிணைக்கின்றன. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் கையை நீட்டுவதற்குப் பின்புறத்து முத்தலைத் தசை இழுக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே நடப்பது

தசை முழுவதும் நார்க் கற்றைகள். ஒவ்வொரு நாருக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. நரம்பு வழியே கட்டளை வந்ததும் நாருக்குள் கால்சியம் பரவுகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. இழைகளின் நீளம் குறைவதில்லை. ஒன்றை ஒன்று உரசிச் சறுக்குகின்றன, தசை சுருங்குகிறது. இந்த விளக்கத்தை இரண்டு ஆய்வுக் குழுக்கள் 1954-இல் வெளியிட்டன.

பயிற்சி செய்வது

பளு தூக்கினால் நார்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வொரு நாரும் பருக்கிறது. முதுமையிலும் தசை பயிற்சிக்கு இணங்கும். தொடங்க எந்த வயதும் ஏற்றதே.