ரோட்டவேட்டரை சாயாமல் தூக்குவது எப்படி?

உழவு தொடங்கும் முன் கத்தி, பேரிங் மாற்றவும், பட்டறைக்கு அனுப்ப வண்டியில் ஏற்றவும் ரோட்டவேட்டரைத் தூக்க வேண்டியிருக்கும். ஐந்து, ஆறு அடி அகலக் கருவிகள் பெரும்பாலும் 350 முதல் 500 கிலோ வரை இருக்கும். இந்த எடை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததே ஆபத்து.

பெரும்பாலான ரோட்டவேட்டர்களில் ஒரு ஓரத்தில் கியர் அல்லது செயின் பெட்டி இருப்பதால் அந்தப் பக்கம் கனமாக இருக்கும். டிராக்டருடன் இணைக்கும் தூண் முன்புறமும், கத்திகள் பின்புறமும் உள்ளன. தூணில் மட்டும் கொக்கி மாட்டித் தூக்கினால் கருவி பின்பக்கம் சாய்ந்து ஊசலாடும். அப்போது கையால் பிடிக்க முயன்றால் விரல் நசுங்கும்.

நடுப்புள்ளியை அறிதல்

தொங்கும் பொருள், தன் எடையின் மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும் வரை நகரும். எனவே கொக்கியை முதலிலேயே அந்த மையத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

பி.டி.ஓ. ஷாஃப்டைக் கழற்றி விடவும். முதன்மைச் சட்டத்தின் இரு ஓரங்களிலும் முன்தூணிலும் சங்கிலி கட்டவும். பின்மூடித் தகட்டில் கட்டக்கூடாது. செயின் பிளாக்கால் இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்தவும். எந்தப் பக்கம் தரையில் தங்குகிறதோ அதுவே கனமான பக்கம். கீழே இறக்கி, அந்தப் பக்கச் சங்கிலியைக் குறுக்கி மீண்டும் தூக்கவும். மட்டமாக எழும்பும் வரை இதைச் செய்யவும். மேலே எழும்பும் பக்கத்தில் ஆளை ஏற்றிச் சமன் செய்யவே கூடாது.

சங்கிலியின் சாய்வு

இரண்டு சங்கிலியில் சமமாகத் தொங்கும் 400 கிலோ எடை, செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 200 கிலோவாக இறங்கும். தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி அளவுக்குப் படுத்துவிட்டால், ஒவ்வொன்றும் 400 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். கனமான பக்கத்துக்கு இன்னும் கூடுதல் சுமை. எனவே சங்கிலி நீளமாக, 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். எடைத்திறன் குறிக்கப்பட்ட சங்கிலி அல்லது பெல்ட்டையே பயன்படுத்தவும். கூர்மையான விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் பழைய டயர்த் துண்டு வைக்கவும்.

கவனிக்க

* முக்காலியின் கால்கள் ஈரமண்ணில் புதையாதிருக்க, அடியில் பலகை வைத்து, கால்கள் விரியாதபடி இணைத்துக் கட்டவும்.
* மரக்கிளையில் மாட்டித் தூக்கக்கூடாது. மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பார்க்கவும்.
* கருவியை கையால் திருப்பாமல், ஓரத்தில் கட்டிய கயிற்றைத் தூர நின்று இழுத்துத் திருப்பவும்.
* தொங்கும் கருவியின் கீழ் கை, கால் வைக்கக்கூடாது. கத்தி மாற்றும் முன் உறுதியான மரக்கட்டைகள் மீது இறக்கி வைக்கவும்.