பிரிந்த காதலரை பக்கத்தில் வைத்துக்கொண்டே பாடிய க்வென்!

காதல் முறிந்துவிட்டால் அந்த ஆளின் முகத்தில் விழிக்கவே பலருக்குப் பிடிக்காது. க்வென் ஸ்டெஃபானிக்கு அந்த வசதி இல்லை. காதலர் டோனி கனால், அவர் பாடும் 'நோ டவுட்' பேண்டிலேயே பேஸ் கிதார் கலைஞர். அவர் இந்தியப் பெற்றோரின் பிள்ளை. க்வென் நெற்றியில் பொட்டு வைக்கப் பழகியதும் அந்த வீட்டு உறவில்தான்.

அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் இருக்கும் அனாஹெய்ம்தான் இவர்கள் ஊர். 1986-ல் தொடங்கிய பேண்ட். ஜமைக்காவின் ஸ்கா இசையும் பங்க் வேகமும் கலந்த பாணி. டிரம்பெட், டிராம்போன் எல்லாம் முழங்கும். அடுத்த வருடமே பாடகர் ஜான் ஸ்பென்ஸ் தற்கொலை செய்துகொண்டார். 1992-ல் வந்த முதல் ஆல்பத்தை யாரும் சீண்டவில்லை.

இரண்டாவது பெரிய முயற்சிதான் 'டிராஜிக் கிங்டம்'. பதினொரு ஸ்டுடியோக்களில் மாறி மாறிப் பதிவு செய்ததில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. நடுவில் இரண்டு இடிகள். பேண்டைத் தொடங்கிய அண்ணன் எரிக், 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனுக்கு ஓவியராகக் கிளம்பிவிட்டார். ஏழு வருடக் காதலை டோனி முடித்துக்கொண்டார்.

க்வென் பேண்டை விட்டுப் போகவில்லை. அண்ணனும் தங்கையுமாக எழுதியிருந்த 'டோன்ட் ஸ்பீக்' முதலில் இனிமையான காதல் பாட்டு. அதன் வரிகளை மாற்றிப் பிரிவுப் பாட்டாக்கினார். அதற்கு பேஸ் வாசித்தவர்? அதே டோனிதான்! அந்த ஒத்திகை அறையை நினைத்தாலே நமக்கு சங்கடமாக இருக்கிறது.

1995 அக்டோபரில் ஆல்பம் வெளியானது. பெரிய சத்தமில்லை. டோனி வீட்டிலிருந்து இரவில் கார் ஓட்டி வருவதற்கு அப்பா பயந்ததில் பிறந்த 'ஜஸ்ட் எ கேர்ள்' மெல்ல வானொலியில் சூடுபிடித்தது. 'பொம்பளப் புள்ள, ராத்திரில தனியா வராதே' என்பது எல்லா ஊர் அப்பாக்களுக்கும் பொதுதான் போலிருக்கிறது. பிறகு 'டோன்ட் ஸ்பீக்' வந்தது. 16 வாரம் அமெரிக்க வானொலிப் பட்டியலில் முதலிடம்! வெளியாகி 14 மாதம் கழித்து, 1996 டிசம்பரில், ஆல்பமும் பில்போர்டு உச்சிக்குப் போனது.

'இது ஸ்காவே இல்லை, வெறும் பாப்' என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை; 'டோன்ட் ஸ்பீக்'கில் ஸ்காவைத் தேடினாலும் கிடைக்காது. கிராமி விருதுக்கு 'சிறந்த புதுமுகம்' பிரிவிலும் பரிந்துரைத்தார்கள். பத்து வருடம் பாடியவர்கள் புதுமுகமாம்!

புகழ் வேறு தலைவலியைக் கொண்டுவந்தது. பத்திரிகைகள் எல்லாம் க்வென்னை மட்டுமே படம் பிடித்தன. மற்ற மூவர் முகத்தில் வாட்டம். அதை மூடி மறைக்காமல் 'டோன்ட் ஸ்பீக்' வீடியோவிலேயே காட்சியாக வைத்தார்கள். பேண்ட் உடையவில்லை. 1999-ல் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதிகளுக்கான வைர அங்கீகாரம் கிடைத்தது.

2024 ஏப்ரலில், நீண்ட இடைவெளிக்குப் பின் கோச்செல்லா விழா மேடையில் மீண்டும் சேர்ந்தார்கள். பேஸ் கிதாருடன் டோனியும் இருந்தார்.