பதினெட்டு மைல் இடைவெளி

தருமபுரி மாவட்டத்தில் இரண்டு ரயில் பாதைகள் உள்ளன. மேற்கே, சேலத்தையும் பெங்களூருவையும் இணைக்கும் ஒருவழிப் பாதை மாவட்டத் தலைநகர் வழியாகச் செல்கிறது. கிழக்கே, சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் செல்லும் இருவழிப் பாதை மொரப்பூரையும் பொம்மிடியையும் தொட்டுச் செல்கிறது. மாவட்ட எல்லைக்குள் இவ்விரண்டும் எங்கும் சந்திப்பதில்லை. ஒருகாலத்தில் இவற்றை இணைத்த தண்டவாளம் இருந்தது. அது ஏன் வந்தது, ஏன் போனது, மீண்டும் ஏன் தேவைப்படுகிறது என்பவை வெறும் போக்குவரத்துக் கேள்விகள் அல்ல.

கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, ரயில் பார்ப்பது இளமை முதலே உள்ள பழக்கம். கடந்த மே மாதம் ஒரு நாள், இரு பாதைகளையும் ஒருசேரப் பார்த்துவிடும் நோக்கில், தருமபுரியிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். தெற்கே தொப்பூர், பிறகு கிழக்கே மொரப்பூர், மாலையில் வடமேற்கே பாலக்கோடு என ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம்.

தொப்பூர்க் கணவாயில் லாரிகளின் இரைச்சலைத் தாண்டிச் சற்று ஒதுங்கி நின்றால், மலைச்சரிவை ஒட்டி வளைந்து ஏறும் ரயிலைக் காணலாம். சேலத்துச் சமவெளியிலிருந்து தருமபுரி மேட்டு நிலத்துக்கு ஏறும் வாயில் இது. பாறைகளைக் குடைந்து அமைத்த தடம் என்பதால் இடர்ப்பாடுகளும் உண்டு. 2021 நவம்பர் 12 அன்று அதிகாலையில், தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே தடத்தில் சரிந்த பாறைகள் மோதி, கண்ணூர் - யஷ்வந்த்பூர் விரைவு ரயிலின் பெட்டிகள் தடம் புரண்டன. நல்வாய்ப்பாக உயிரிழப்பு ஏதுமில்லை. ஒரே தடம் மட்டுமே உள்ள பாதையில் இத்தகைய தடை ஒன்று நேர்ந்தால் போக்குவரத்து முழுவதும் நின்றுவிடும்.

கணவாயைக் கடந்து வடக்கே திரும்பினால் நிலத்தின் நிறம் மாறுகிறது. கோடையில் கருகிய புல், வெயிலைத் திருப்பி வீசும் கரும்பாறைக் குன்றுகள், வேலிக்காத்தான் புதர்கள், சாலையோரப் புளியமரங்கள், அறுவடை முடிந்த கேழ்வரகு வயல்கள். வெளியூரிலிருந்து வருவோர் பார்த்த மாத்திரத்தில் "பாலைவனம்" என்று சொல்லிவிடுவர். நிலவியல் கணக்கின்படி, ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் குறைந்த நிலமே பாலைவனம்; தருமபுரியில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பெய்கிறது. ஆனால், தமிழ் மரபு கூறும் "பாலை" என்ற சொல் இந்நிலத்துக்கு மிகப் பொருந்தும். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது, பாலை என்பது நிலையான நிலம் அல்ல. மழை பொய்க்கும்போது எந்த நிலமும் அடையக்கூடிய நிலை. பஞ்சத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வரையறை தேவையில்லை.

நண்பகலில் மொரப்பூரை அடைந்தேன். நிலைய நடைமேடையின் வேப்பமர நிழலில், தருமபுரியிலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய ஒரு மூதாட்டி இரண்டு பைகளுடன் அமர்ந்திருந்தார். "மெட்ராசுல இருக்கிற பொண்ணு வூட்டுக்குப் போறேன் சாமி. எங்க ஊர்லயும் டேசன் இருக்குது, ஆனா மெட்ராசு வண்டிக்கு இங்கதான் வரணும்" என்றார். சென்னை செல்லும் தருமபுரி மக்கள் பலரின் நிலை இதுவே.

அவரிடம் பேசிக்கொண்டிருக்கையில், மூடிய பெட்டிகள் கொண்ட நீண்ட சரக்கு ரயில் ஒன்று கடந்து சென்றது. தானியம் ஏற்றும் இத்தகைய ரயிலில் பொதுவாக 42 பெட்டிகள் இருக்கும். ஏறத்தாழ 2,600 டன் அரிசியை அது சுமக்கும். குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ எனக் கொண்டால், ஒரு லட்சத்து முப்பதாயிரம் குடும்பங்களுக்கு ஒரு மாத அரிசி. வண்டிக்கு அரை டன் வீதம் மாட்டுவண்டியில் ஏற்றினால் 5,200 வண்டிகள் தேவைப்படும். அத்தனை மாடுகளுக்கும் வழியெங்கும் தீனியும் தண்ணீரும் வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் கொண்டால்தான் 1876-78 பெரும் பஞ்சத்தின் கொடுமை விளங்கும்.

தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் குறிப்பிட்ட அந்தப் பஞ்சத்தின்போது, மொரப்பூர் வழியான ரயில் பாதை அமைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1861-லேயே சென்னைக்கும் சேலத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 1871-இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்தது, 1881-இல் ஏறத்தாழ 16 லட்சமாகச் சரிந்தது. ஐந்தில் ஒரு பங்கினர் பத்தாண்டுகளில் மறைந்தோ இடம்பெயர்ந்தோ போயினர்.

ரயில் அருகிலேயே இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? இரண்டு காரணங்கள். முதலாவது, வறட்சி முதலில் கொல்வது மாடுகளை. தானியம் ரயில் நிலையம் வரை வந்தாலும், அங்கிருந்து உள்ளூர்களுக்கு இழுத்துச் செல்ல மாடுகள் இல்லை. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையிலான ஏறத்தாழ 18 மைல், நல்ல காலத்தில் ஒரு நாள் பயணம். பஞ்ச காலத்தில் கடக்க இயலாத தொலைவு.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. உணவு இருப்பது வேறு, அதை வாங்கும் திறன் இருப்பது வேறு. 1981-இல் வெளியான தமது நூலில் அமர்த்தியா சென் நிறுவியது இதுவே. விளைச்சல் பொய்த்ததும் விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று. கூலி இல்லாதவனுக்கு ரயிலில் வந்த அரிசி எட்டாத விலையில் நின்றது. சந்தை, பசி இருக்கும் இடத்தை நோக்கிச் செல்வதில்லை. பணம் இருக்கும் இடத்தை நோக்கியே செல்லும். அதனால்தான் அதே ரயில், உள்மாவட்டங்களின் தானியத்தை நகரங்களுக்கு வெளியேற்றவும் பயன்பட்டது.

இப்பின்னணியில் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம், 1880-இல் தன் அறிக்கையை அளித்தது. வறண்ட பகுதிகளுக்கு "பாதுகாப்பு ரயில் பாதைகள்" தேவை என்று அது வலியுறுத்தியது. வருவாய் ஈட்டாவிட்டாலும் பஞ்சத்தில் உயிர் காக்கும் என்பதற்காக அமைக்கப்படும் பாதைகள் அவை. ரயிலுக்குச் செலவிடும் பணத்தைப் பாசனத்துக்குச் செலவிட்டால் பஞ்சமே வராது என்பது ஆர்தர் காட்டன், ரொமேஷ் சந்திர தத் போன்றோரின் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இருந்தது. ஆயினும், ஏரியில் நீர் வற்றும் ஆண்டும் உண்டு. அந்த ஆண்டில் தானியம் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அவ்வாறு உருவானதே மொரப்பூர் - தருமபுரி குறுகிய ரயில் பாதை. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் 1906-இல் ஓடத் தொடங்கி, 1913-இல் ஒசூர் வரை நீண்டது. திருப்பத்தூரையும் கிருஷ்ணகிரியையும் இணைத்த இதன் இணைப்பாதை 1905-இல் வந்தது. இத்தகைய முதலீடுகள் வீண்போகவில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. காலனிக் கால இந்தியாவின் மாவட்டவாரித் தரவுகளை ஆராய்ந்த டேவ் டொனால்ட்சன், ரயில் வந்த மாவட்டங்களில் உண்மையான வேளாண் வருமானம் ஏறத்தாழ 16 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டறிந்தார். ராபின் பர்ஜெஸ் என்பவருடன் இணைந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் வந்த பிறகு, மழை பொய்ப்பதற்கும் பஞ்சச் சாவுகளுக்கும் இருந்த தொடர்பு தளர்ந்ததையும் அவர் காட்டினார்.

ஆனால், காப்பீட்டுக்குரிய இயல்பான சிக்கல் ஒன்று உண்டு. பஞ்சம் வராத ஆண்டுகளில் பிரீமியம் கட்டுவது வீண் செலவாகத் தோன்றும். பேருந்துகள் பெருகிய காலத்தில் சிறு ரயில் பாதைகள் நட்டக் கணக்கில் சேர்ந்தன. போருக்கு இரும்பு தேவைப்பட்ட 1941-இல், இப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. உயிர் காக்க அமைத்த பாதை, பயணச்சீட்டு வருவாயால் அளக்கப்பட்டபோது தோற்றது. சுதந்திரத்துக்குப் பின் சேலம் - பெங்களூரு பாதை தருமபுரிக்கு வந்தது; மொரப்பூர் இணைப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

நீண்ட காலக் கோரிக்கைக்குப் பின், 36 கிலோமீட்டர் நீள மொரப்பூர் - தருமபுரி அகலப் பாதை 2016-17 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. ஏறத்தாழ ரூ.359 கோடி மதிப்பீட்டிலான அத்திட்டத்துக்கு, 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பிறகு நிலம் கையகப்படுத்தும் பணியிலேயே ஆண்டுகள் கழிந்தன. தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயிலும், மொரப்பூர் தெற்கு ரயில்வேயிலும் இருப்பதால், ஒரே மாவட்டத்தின் கோரிக்கை இரண்டு தலைமையகங்களின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்று பஞ்சம் இல்லையே, பொது விநியோகத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மை. ஆனால், பஞ்சத்தின் இடத்தில் விலைச்சரிவு வந்து அமர்ந்திருக்கிறது. மாலையில் நான் சென்றடைந்த பாலக்கோடு, தமிழகத்தின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. வரத்து மிகுந்த நாளில் பறிப்புக் கூலிக்கும் கட்டுப்படியாகாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிகளை இவ்வட்டாரம் பலமுறை கண்டிருக்கிறது. அதே வாரத்தில் தொலைதூர நகரங்களில் விலை பன்மடங்காக இருப்பதும் உண்டு. தானியம் உள்ளே வர வழியின்றி அன்று மக்கள் மடிந்தனர். விளைபொருள் வெளியே செல்லப் போதிய வழியின்றி இன்று விவசாயி கடனாளி ஆகிறார். நம் மாவட்டத்தைப் போன்றே வறண்ட அனந்தபுரத்திலிருந்து, 2020 செப்டம்பரில் பழங்கள், காய்கறிகளுடன் தில்லிக்குக் "கிசான் ரயில்" புறப்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும்.

எனவே, புதிய பாதையைப் பயணிகளின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடக் கூடாது. மாங்காய், தக்காளி, புளி, பட்டுக்கூடு ஆகியவற்றை ஏற்ற, சரக்கு மேடையும் குளிர்பதனக் கிடங்கும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இடம்பெற வேண்டும். நிலம் தருவோருக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். வறண்ட நிலத்தில் இரண்டு ஏக்கர்தான் ஒரு குடும்பத்தின் முழுச் சொத்து என்பதை அதிகாரிகள் மறந்துவிடலாகாது. இரு ரயில்வே மண்டலங்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் பொதுவான ஒரே பொறுப்பு அதிகாரி நியமிக்கப்பட வேண்டும். பணியின் முன்னேற்றம் காலாண்டுக்கு ஒருமுறை மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

பாதுகாப்பு ரயில் பாதை என்ற கருத்தை 1880-இல் ஓர் அந்நிய அரசின் ஆணையமே ஏற்றது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் அதைவிடக் குறைவான அளவுகோலைக் கைக்கொள்ள நியாயம் இல்லை.