ஓஸ் குழாயும் நீரோட்டமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் பல வீடுகள் மேடும் பள்ளமுமான நிலத்தில் அமைந்துள்ளன. வீட்டருகே கிணறும், மேல்தளத்தில் நீர்த்தொட்டியும், பின்புறத்தில் வாழையும் மரவள்ளியும் காணப்படும். மழைக்காலத்தில் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் தேவை குறைவு. கோடையிலோ கிணற்று நீர் ஆழத்திற்கு இறங்கிவிடும். ஒவ்வொரு குடம் நீரும் அருமையாகிவிடும். அக்காலத்தில் ஓஸ் குழாயின் முனையில் நீர் நூல்போல் வடிந்தால், பெரிய குழாய் வாங்கினால் போதும் எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் சில வீடுகளில் பயன் தரும். சில வீடுகளில் பணம்தான் வீணாகும்.

நீரை ஓடச்செய்வது அழுத்தம். மேல்தளத் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு அழுத்தத்தைத் தருவது உயரமே. 10 மீட்டர் உயர நீர், ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தைத் தரும். தொட்டியின் நீர்மட்டம் ஓஸின் முனையைவிட 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதில் பாதியே கிடைக்கும். ஆகவே, சரிவின் கீழ்த்தட்டில் நிற்கும் வாழைக்கு நீர் விரைந்து பாயும். மேல்தட்டில் உள்ள செடிக்கு மெல்லப் பாயும்.

ஓடும் நீர் குழாயின் உட்சுவரில் உராய்வதால் வழியெங்கும் அழுத்தத்தை இழக்கிறது. குழாய் நீண்டதாகவும் குறுகியதாகவும் இருந்தால் இழப்பு மிகும். அரை அங்குலக் குழாயைவிட முக்கால் அங்குலக் குழாயின் விட்டம் ஒன்றரை மடங்கே. ஆனால் அதன் வாய்ப்பரப்பு 2.25 மடங்கு. உராய்வும் குறைவதால், நீளமும் அழுத்தமும் ஒன்றாக இருக்கும்போது அதன் வழியே ஏறத்தாழ 3 மடங்கு நீர் செல்ல இயலும். ஒரே குழாயின் நீளத்தை இரு மடங்காக்கினால், முன்பு வந்த நீரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கே வரும்.

எனினும், அகன்ற குழாய் நீரை உண்டாக்குவதில்லை. வழியில் நேரும் இழப்பை மட்டுமே குறைக்கிறது. எனவே வாங்குவதற்கு முன் ஓர் எளிய சோதனை செய்ய வேண்டும். 10 லிட்டர் வாளியைச் சுவர்க்குழாயின் கீழ் வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது எனக் குறிக்க வேண்டும். பின்னர் ஓஸைப் பொருத்தி, செடிக்கு நீர் பாயும் இடத்தில் அதன் முனையை வைத்து அதே வாளியை நிரப்ப வேண்டும். சுவர்க்குழாயில் 20 நொடியும் ஓஸின் முனையில் 40 நொடியும் ஆனால், நிமிடத்திற்கு 30 லிட்டர் வரக்கூடிய இடத்தில் 15 லிட்டரே வருகிறது. ஓஸில் மடிப்போ அடைப்போ இல்லையெனில், அகன்ற ஓஸ் இவ்வீட்டிற்குப் பயன் தரும். இரு நேரங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் குறை ஓஸில் இல்லை. தொட்டியின் உயரத்திலோ சுவர்க்குழாயிலோ அதற்கு நீர் கொண்டுவரும் குழாயிலோ இருக்கும்.

பொதுவாக, 15 மீட்டர் வரை அரை அங்குல ஓஸ் போதும்; அதற்கு மேல் 30 மீட்டர் வரை முக்கால் அங்குலம் ஏற்றது. ஆனால் 30 மீட்டர் நீளமுள்ள முக்கால் அங்குல ஓஸுக்குள் மட்டும் ஏறத்தாழ எட்டரை லிட்டர் நீர் நிறைந்திருக்கும். அரை அங்குல ஓஸில் 4 லிட்டருக்கும் குறைவு. வீட்டில் நாள்தோறும் அதை இழுத்துச் செல்பவர் பாட்டியா, சிறுவரா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

கடையில் உள்விட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சுவர் தடித்த குழாய் வெளியே பெரிதாகத் தோன்றினாலும் உள்ளே குறுகியிருக்கலாம். இவ்வூரில் தண்ணீரை ‘வெள்ளம்’ என்பர். எழுத்துத் தமிழில் வெள்ளம் என்பது பெருக்கெடுத்த நீர். எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டப் பேச்சுத் தமிழிலோ அதுவும் தண்ணீரே. சொல்லின் பொருள் மாறினாலும் அளவு மாறுவதில்லை. அரை இஞ்சு, முக்கால் இஞ்சு என்று கேட்டால் எல்லையின் இருபுறமும் கடைக்காரர் புரிந்துகொள்வார்.

ஓஸின் முனையை விரலால் அழுத்தினால் நீர் தொலைவில் பீய்ச்சும். அதனால் நீரின் அளவு கூடுவதில்லை, வேகமே கூடுகிறது. இளஞ்செடிகளுக்கு அவ்வேகம் தீங்கு. வேரடி மண் அரிந்துவிடும். மண் உறிஞ்சும் அளவுக்கு மெல்லப் பாயும் நீரே கோடையில் வீணாகாத நீர்.

செயல்பாடு
1. உங்கள் வீட்டில் வாளிச் சோதனையைச் செய்து, இரு நேரங்களையும் அட்டவணையில் எழுதுக.
2. உங்கள் வீட்டிற்கு அகன்ற ஓஸ் தேவையா? காரணத்துடன் ஐந்து தொடர்களில் விளக்குக.
3. நீரோடு தொடர்புடைய மூன்று சொற்களை வீட்டுப் பெரியோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு, பொருள் வேறுபாட்டைக் குறிப்பிடுக.