மேசைமேல் ஒரு பொன்மலை எஞ்சின்

மாதிரி ரயில் ஆர்வலர்கள் புது எஞ்சின் வாங்கும்போது முதலில் பார்ப்பது அளவு விகிதம். பரவலாக விற்கும் ஹெச்ஓ வகை அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது 1435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. திருச்சி வழியே செல்லும் அகலப்பாதையோ 1676. சரியாகச் சுருக்கினால் 19.3 வரும். இந்திய எஞ்சின் மாதிரி 16.5 பாதையில் ஓட வேண்டுமென்றால் சக்கரங்களை நெருக்கித்தான் ஆக வேண்டும்.

திருச்சியின் பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்காகப் புதிதாகக் கட்டிய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் மாதிரிக்கு மிக அருமையான பொருள். ஆனால் கடினமானது. அந்த மலை ரயிலின் மீட்டர் பாதை ஹெச்ஓ அளவில் சுமார் 12 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அசலில் இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களையும், மற்ற இரண்டு ஏற்றத்தில் பல்தண்டவாளத்தைக் கவ்வும் பற்சக்கரங்களையும் சுழற்றுகின்றன. மாதிரியில் இத்தனையையும் சிறு மின்மோட்டார் ஒன்றே இயக்க வேண்டும்.